மனைவிக்கு மறுவாழ்வு தரும் கணவர்கள்: அவளை யாராவது கேட்டார்களா?

பழைய ரீல்:
தமிழ்ப் படங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியைப் பற்றி ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தேன். கணவனே முன்வந்து மனைவியை இன்னொருவர் கையில் ஒப்படைக்கும் காட்சி. ‘இரத்தக்கண்ணீர்’ (1954) முடிவில் எம்.ஆர்.ராதா தன் மனைவியை நண்பனுக்குக் கட்டிவைக்கிறார். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962) படத்தில், நான் போய்விட்டால் நீ டாக்டரைக் கட்டிக்கொள் என்று நோயாளியான முத்துராமன் தேவிகாவிடம் சொல்கிறார். ‘அந்த ஏழு நாட்கள்’ (1981) படத்தில் ராஜேஷ், அம்பிகாவை அவளுடைய பழைய காதலனிடமே சேர்த்துவைக்கப் பார்க்கிறார். மூன்றும் முற்போக்கான படங்கள் என்று பெயர் வாங்கியவை. ஆனால் மூன்றிலும் பேச்சை எடுப்பது கணவன். நல்ல மனசோடுதான் எடுக்கிறான், அதை மறுக்கவில்லை. பத்திரம் கைமாறுவது மாதிரி அவள் கைமாற வேண்டும் என்றுதானே அந்த நல்ல மனசும் நினைக்கிறது?

கடைசி வரிசை:
கடுமையாக மறுக்கிறேன். விதவை மறுமணத்துக்குச் சட்டம் வந்தது 1856-இல். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட நூறு வருஷம் கழித்து வந்த படம் ‘இரத்தக்கண்ணீர்’. அப்போதும் சட்டம் புத்தகத்தில்தான் இருந்தது, வீடுகளில் இல்லை. அந்தக் காலத்துக் கொட்டகையில், ஒரு கணவன் தன் வாயாலேயே “இவள் இன்னொரு வாழ்க்கை வாழட்டும்” என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! அதே பேச்சை அந்த மனைவி பேசியிருந்தால் பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள். யார் சொன்னால் ஊர் கேட்குமோ அவர் வாயில் வசனத்தை வைத்தார்கள். அதில் தப்பென்ன?

நிலா:
கடைசி வரிசை சொல்வது புரிகிறது. ஆனாலும் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அத்தைக்கு இருபத்தாறு வயதில் கணவர் இறந்துவிட்டார். இரண்டு வருஷம் கழித்து என் அப்பாதான் மாப்பிள்ளை பார்த்து மறுமணம் செய்துவைத்தார். அப்பாவைப் பாராட்டாத ஆள் இல்லை. இன்றைக்கும் கல்யாண வீடுகளில் அதைச் சொல்லி அவர் கையைப் பிடிப்பார்கள். அத்தை நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்தக் கதையை யார் சொன்னாலும் அதில் அத்தை ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள். படங்களிலும் அப்படித்தானே இருக்கிறது?

கடைசி வரிசை:
இல்லை. ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தில் வரும் ‘சொன்னது நீதானா’ யாருடைய பாட்டு? கணவன் அப்படிச் சொன்னதைத் தாங்க முடியாமல் மனைவி பாடுவது. கண்ணதாசன் வரிகளை பி.சுசீலா பாடியிருக்கிறார். படத்திலேயே எல்லோருக்கும் நினைவில் நிற்பது அந்தக் கேள்விதான். என்னைக் கேட்காமல் நீ எப்படி இதைச் சொல்லலாம் என்று அவள் அங்கே கேட்டுவிட்டாள் சார். நீங்கள் இன்று எழுப்பும் கேள்வியை இயக்குநர் ஸ்ரீதர் 1962-லேயே அவளிடம் கொடுத்துவிட்டார்.

பழைய ரீல்:
இது நல்ல அடி. அந்தப் பாட்டை மறந்துவிட்டு எழுதியது என் தப்புதான். ஆனால் அவள் கேள்வியைக் கவனியுங்கள். “உன்னைத் தவிர இன்னொருவனை நான் நினைப்பேனா” என்ற வேதனைதான் அதில் இருக்கிறது. அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே பதில் அது. வேறு பதில் சொல்லியிருந்தால் நாம் அவளுக்காக அழுதிருப்போமா? அந்தச் சங்கடம்கூட வராமல் கதை பார்த்துக்கொள்கிறது. அறுவை சிகிச்சையில் கணவன் பிழைத்துக்கொள்கிறான், டாக்டர் இறந்துபோகிறார். தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையே அவளுக்கு வரவில்லை.

திரைவிரும்பி:
ரேவதியை எல்லோரும் விட்டுவிட்டீர்களே! ‘புதுமைப் பெண்’ (1984): சந்தேகப்படும் கணவனை விட்டு வெளியேறுகிறாள். ‘மௌன ராகம்’ (1986): உனக்கு என்ன பரிசு வேண்டும் என்று கணவன் கேட்க, விவாகரத்து என்கிறாள். ‘மறுபடியும்’ (1993): திரும்பி வரும் கணவனையும் ஏற்கவில்லை, கல்யாணம் செய்துகொள்ளத் தயாராக நிற்கும் நண்பனையும் ஏற்கவில்லை. பாரதிராஜா, மணிரத்னம், பாலு மகேந்திரா என்று மூன்று இயக்குநர்கள். மூவருக்கும் இந்தப் பெண்ணாக ரேவதிதான் தேவைப்பட்டிருக்கிறார் என்பது எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

பழைய ரீல்:
‘மறுபடியும்’தான் நான் தேடிய படம். மகேஷ் பட்டின் ‘அர்த்’ (1982) படத்தைத் தழுவியது. கணவன் வேண்டாம் என்றவுடன் இன்னொரு நல்லவன் வந்து அவளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் அதில் இல்லை. அவள் தனியாக நடந்து போகலாம், கதை முடிந்துவிடும். அதைத்தான் முதல் பதிவில் சரியாகச் சொல்லத் தெரியாமல் தடுமாறினேன்.

கடைசி வரிசை:
அந்த நடைக்குப் பாதை போட்டவர்கள் முந்தைய படக்காரர்கள் என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ பார்த்து அழுத பெண்களின் மகள்கள்தான் ‘மறுபடியும்’ பார்த்தார்கள். ஆனால் கதை அவளுக்குச் சங்கடத்தையே தரவில்லை என்றீர்களே, அதற்கு என்னிடம் பதில் இல்லை. டாக்டர் ஏன் சாக வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் நான் யோசித்ததே இல்லை.

நிலா:
‘சொன்னது நீதானா’ டிவியில் வந்தால் எங்கள் அத்தை கை வேலையை அப்படியே விட்டுவிட்டு வந்து உட்காருவாள். முடியும்வரை யாரும் பேசக் கூடாது. பழைய பாட்டு பிடிக்கும் போல என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் கதையில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசமாட்டாள் என்று மேலே எழுதினேன். நானும் இதுவரை அவளைக் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறாள், கேட்கப் போகிறேன்.