ரொறன்ரோவுக்கு ஏன் வை.வை.இசட்.? பெட்டிப் பட்டியில் இருக்கும் எழுத்துகள் பற்றி

மாங்குளத்தாள்:
போன கிழமை கனடாவில் இருந்து பெரியம்மா வந்தா. பெட்டிக் கைபிடியில் சுற்றி ஒட்டியிருந்த நீளப் பட்டியை மகன் கிழித்து எடுத்து வைத்துக்கொண்டு ஒரே கேள்வி. பெரிய எழுத்தில் சி.எம்.பி., பக்கத்தில் சின்னதாக டி.எக்ஸ்.பி. கொழும்பு, துபாய் என்று சமாளித்துவிட்டேன். ஆனால் டிக்கெட் தாளில் ரொறன்ரோவுக்கு வை.வை.இசட். என்று கிடக்கிறது. அந்த ஊர்ப் பெயரில் வையும் இல்லை, இசட்டும் இல்லை. இதை யார் வைக்கிறார்கள்? விமான நிலையம் இருப்பது கட்டுநாயக்காவில், பிறகு ஏன் கொழும்பின் எழுத்து? வவுனியாவுக்கும் உண்டா என்று வேறு கேட்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

ஏ9காரன்:
ரொறன்ரோ மட்டும் இல்லை, கனடாவின் பெரிய நிலையங்கள் எல்லாம் வையில்தான் தொடங்கும். வன்கூவர் வை.வி.ஆர்., ஒட்டாவா வை.ஓ.டபிள்யூ., மொன்றியல் வை.யூ.எல். மிச்சத்தைக் கிளிநொச்சி அண்ணை சொல்லட்டும், அவருக்கு இதுதானே பிழைப்பு.

டிக்கெட்கடை_கிளிநொச்சி:
பிழைப்புத்தான். காலையில் கடை திறந்தால் இரவு வரை இந்த எழுத்துகளைத்தான் தட்டுகிறேன்.

தங்கச்சி, மூன்றெழுத்தைக் கொடுப்பது ஐயாட்டா, விமான நிறுவனங்களின் சங்கம். தலைமையகம் மொன்றியலில். ஒரு நிலையத்துக்குப் பயணிகள் சேவை வரும்போது விமான நிறுவனம் கேட்கும், பொருத்தமான எழுத்து மிச்சம் இருந்தால் கொடுப்பார்கள். மொத்தம் 17,576 சேர்க்கைதான் சாத்தியம். முந்தியவனுக்கு நல்ல எழுத்து. டி.யூ.பி.யை டப்ளின் எடுத்துவிட்டது, அதனால்தான் துபாய் நடுவில் எக்ஸைப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

ரொறன்ரோவின் கதை தந்திக் காலத்துக் கதை. கனடா ரயில் பாதையில் ஒவ்வொரு தந்தி நிலையத்துக்கும் இரண்டெழுத்துக் குறி இருந்தது. விமான நிலையம் கட்டிய இடம் மால்டன் என்ற ஊர், அதன் குறி வை.இசட். முன்னால் கனடாவுக்கு என்று ஒரு வை சேர்த்தார்கள், வை.வை.இசட். ஆயிற்று. ரொறன்ரோ என்ற பெயருக்கு அதில் பங்கே இல்லை. அமெரிக்காவிலும் முதலில் இரண்டெழுத்துத்தான், லொஸ் ஏஞ்சலிஸ் வெறும் எல்.ஏ. மூன்றெழுத்து வேண்டும் என்று வந்தபோது வாலில் ஒரு எக்ஸ் ஒட்டி எல்.ஏ.எக்ஸ். ஆக்கினார்கள்.

கட்டுநாயக்கா பற்றிக் கேட்டீர்கள். எழுத்து நிலையம் இருக்கும் ஊரைப் பார்ப்பதில்லை, அது சேவை செய்யும் நகரத்தைத்தான் பெரும்பாலும் பார்க்கும். கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் இன்னொரு நிலையமான இரத்மலானைக்குத் தனியாக ஆர்.எம்.எல். இருக்கிறது. பலாலி ஜே.ஏ.எஃப்., அதுவும் யாழ்ப்பாணத்தின் பெயரில். ஊர் பெயர் மாற்றினாலும் எழுத்து லேசில் மாறாது. மதராஸ் 1996இல் சென்னை ஆனது, எங்கள் திரையில் இன்றைக்கும் எம்.ஏ.ஏ.தான். மாற்றினால் உலகம் முழுக்க டிக்கெட், பொதி, கால அட்டவணை எல்லாவற்றிலும் கை வைக்க வேண்டும், யாருக்குப் பொறுமை இருக்கிறது?

மகனிடம் அந்தப் பட்டியை எறிய வேண்டாம் என்று சொல்லுங்கோ. கோட்டுக்குறியோடு (பார்கோடு) பத்து இலக்கம் இருக்கும். முதல் இலக்கத்தை விட்டு அடுத்த மூன்றைப் பார்க்கட்டும், அது விமான நிறுவனத்தின் எண். 176 என்றால் எமிரேட்ஸ், 603 என்றால் ஸ்ரீலங்கன். கடைசி ஆறு அந்தப் பெட்டிக்கே உரியது.

வானொலிப்பித்தன்:
அண்ணை விட்டதை நான் சொல்கிறேன். விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பாவிப்பது நான்கெழுத்து. அதைப் பார்ப்பது ஐக்கிய நாடுகளின் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐக்காவோ, அதுவும் மொன்றியலில்தான் குந்தியிருக்கிறது. இதில் ஒழுங்கு உண்டு. எங்கள் பிராந்தியத்துக்கு வி, இலங்கைக்கு அடுத்து சி. கட்டுநாயக்கா வி.சி.பி.ஐ., கடைசி இரண்டும் பண்டாரநாயக்க சர்வதேச நிலையம். பலாலி வி.சி.சி.ஜே. தென்னிந்தியா வி.ஓ. என்று தொடங்கும், சென்னை வி.ஓ.எம்.எம்.

தம்பியின் கேள்விக்கும் பதில் இங்கேதான். வவுனியாவுக்கு நான்கெழுத்து இருக்கிறது, வி.சி.சி.வி. மூன்றெழுத்து இல்லை. அது விமானப்படைத் தளம், டிக்கெட் விற்றுப் பயணிகளை ஏற்றினால்தானே ஐயாட்டாவிடம் போக வேண்டும்.

ஏ9காரன்:
அப்போ கிளிநொச்சிப் பக்கத்து இரணைமடு ஓடுபாதை?

வானொலிப்பித்தன்:
அதுவும் விமானப்படையிடம். மூன்றெழுத்துக்கு அங்கே வேலை இல்லை.

மாங்குளத்தாள்:
எல்லோருக்கும் நன்றி. மகன் கொப்பியில் எழுதிக்கொண்டு இருக்கிறான். அண்ணை, பெரியம்மா திரும்ப முன்னம் ஸ்ரீரங்கம் போக ஆசைப்படுகிறா. திருச்சிக்கு எந்த எழுத்து?

டிக்கெட்கடை_கிளிநொச்சி:
டி.ஆர்.இசட். இதைக் கவனமாகப் பாருங்கோ, ஏனென்றால் டி.ஆர்.வி. என்று ஒன்று இருக்கிறது, அது திருவனந்தபுரம். இரண்டுக்கும் கொழும்பில் இருந்து விமானம் உண்டு. முல்லைத்தீவுப் பக்கத்துக் குடும்பம் ஒன்று வேறெங்கோ டிக்கெட் போட்டுக்கொண்டு, ஹோட்டல் பதிவுக்கு மட்டும் என்னிடம் வந்தது. தாளை வாங்கிப் பார்த்தால் டி.ஆர்.வி.! ஐயா சமயபுரத்துக்கு நேர்த்தி வைத்து நிற்கிறார், டிக்கெட் கேரளாவுக்கு. மாற்றுக் கட்டணம் கட்டித்தான் சரிப்படுத்தினார்கள்.

பெரியம்மாவுக்குப் பலாலியில் இருந்தே திருச்சிக்கு விமானம் இருக்கிறது, 2025இல் தொடங்கினது. கொழும்புக்கு இழுபடத் தேவையில்லை. ஆனால் சின்ன விமானம், பொதி நிறை அளவைக் கேட்டுவிட்டுப் போடுங்கோ. கனடாப் பெட்டி அப்படியே ஏறாது.