எதிர்வீட்டுக் கடுவன் பூனைக்கு உடம்பு சரியில்லை: "உங்களுக்கென்ன வந்தது" என்று கேட்டவர்களுக்கு

மாடிவீடு (சத்துவாச்சாரி):
நேற்று நம் வேலூர்க் குழுவில் குழாய்த் தண்ணீர் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டுப் பூனையைப் பற்றி ஒரு வரி எழுதினேன். உடனே கஸ்பா பெரியவர் ஐயா, "அது மலச்சிக்கல், விளக்கெண்ணெய் ஊற்றினால் போய்விடும், அடுத்த வீட்டுப் பூனைக்கு உங்களுக்கென்ன வந்தது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ராத்திரி தூக்கமே வரவில்லை. அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

செவலை நிறக் கடுவன். நாலைந்து வயது இருக்கும். கட்டட வேலைக்குக் கொட்டிய எம்-சாண்ட் குவியல் தெருவில் கிடக்கிறது, அதுதான் அதற்குக் கக்கூஸ். நேற்றுக் காலையிலிருந்து அங்கே போகிறது, குழி பறிக்கிறது, குந்துகிறது, வால் நடுங்க முக்குகிறது. ஒன்றும் வராமல் எழுந்து இரண்டடி தள்ளி மறுபடியும் பறிக்கிறது. நடுநடுவே அடிவயிற்றுக்குக் கீழே நக்கிக்கொண்டே இருக்கிறது. கத்தலும் வழக்கமான கத்தல் இல்லை, அடித்தொண்டையிலிருந்து இழுத்து வருகிறது. இறங்கிப்போய்ப் பார்த்தேன். மணலில் இரண்டு சொட்டு ஈரம், லேசாகச் சிவப்பு. அவ்வளவுதான். மூத்திரம் அடைத்துக்கொண்டதோ என்று பயமாக இருக்கிறது.

எதிர்வீட்டு அம்மாவோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை, வண்டி நிறுத்தும் தகராறு. போய்ச் சொல்லலாமா? இல்லை, நானே தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடலாமா?

கஸ்பா_பெரியவர்:
கோபப்படாமல் படியுங்கள் அம்மா. மணலில் ஈரம் இருந்தது என்று எழுதியது நீங்கள்தான், நான் இல்லை. ஈரம் இருந்தால் மூத்திரம் போகிறது. மூத்திரம் போகிற பூனைக்கு அடைப்பு எங்கிருந்து வரும்? முக்குகிறது என்றால் மலச்சிக்கல்தான். லாங்கு பஜார் பக்கம் எங்கள் அப்பா அரிசி மண்டி வைத்திருந்தார். எலிக்காகவே பூனை வளர்த்த குடும்பம். எத்தனை கடுவன் பார்த்திருப்பேன்! ஒன்றையும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடியதில்லை. புல்லைத் தின்னும், வாந்தி எடுக்கும், மூலையில் சுருண்டு கிடக்கும், எழுந்து வந்துவிடும்.

கம்பவுண்டர்_காட்பாடி:
ஐயா, வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், உங்கள் பேச்சைக் கேட்டால் அந்தப் பூனை செத்துவிடும். கால்நடை மருத்துவரிடம் பல வருஷம் கூட இருந்து வேலை பார்த்தவன் நான். கடுவனுக்கு மூத்திரக்குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். பொடிப்பொடியான படிகமும் சளியும் சேர்ந்து அங்கே அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் அகலம், அதனால் அதற்கு இது அபூர்வம். மூத்திரப்பை புடைத்து நிற்கும்போது இரண்டு சொட்டு கசியத்தான் செய்யும். அது மூத்திரம் போவதற்கு அடையாளமில்லை, போகாமல் தவிப்பதற்கு அடையாளம். சிவப்பாக இருந்தால் ரத்தம்.

முழுக்க அடைத்துவிட்டால் ஒரே நாளில் கழிவெல்லாம் ரத்தத்தில் ஏற ஆரம்பிக்கும். பொட்டாசியம் கூடும், இதயத்துடிப்பு தாறுமாறாகும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டுத்தான் அடைப்பை எடுக்க வேண்டும். விளக்கெண்ணெய்க்கு அங்கே வேலையே இல்லை. வாயைப் பிளந்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், அது வேறு ஆபத்து.

மாடிவீடு அக்கா, வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். பை உடைந்துவிடும்.

கஸ்பா_பெரியவர்:
கம்பவுண்டர் தம்பி பொட்டாசியம் வரைக்கும் போய்விட்டார். நான் கேட்டது ஒன்றுதான். ஈரம் இருந்ததா, இல்லையா?

தோட்டப்பாளையத்தான்:
எனக்கென்னவோ காய்ச்சல் மாதிரி தெரிகிறது. இந்த வெயிலில் யாருக்குத்தான் காயவில்லை. பாதி பாராசிட்டமால் மாத்திரையைப் பாலில் கரைத்து வையுங்க, வலியும் போய்விடும்.

கம்பவுண்டர்_காட்பாடி:
ஐயோ, வேண்டாம்! இதைப் படிக்கிற யாரும் அப்படிச் செய்யாதீர்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அதை முறிக்கிற சக்தி பூனையின் ஈரலுக்குக் கிடையாது. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய், ஈறு பழுப்பாகவும் நீலமாகவும் மாறும், முகம் வீங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொல்லப் போதும். பாலும் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும்.

தோட்டப்பாளையத்தான்:
நல்லதுக்குச் சொன்னால் இன்னாங்க இப்படிப் பாய்கிறீர்கள்? எங்க வீட்டுப் பூனை தினம் பால்தான் குடிக்குது. நல்லாத்தான் இருக்குது.

கஸ்பா_பெரியவர்:
பார்த்தீர்களா, அனுபவத்தை யாரும் மதிப்பதில்லை. பால் விஷம், எண்ணெய் விஷம், எல்லாம் விஷம். காசு பிடுங்குகிற ஊசி மட்டும் அமிர்தம். நான் கேட்ட ஈரத்துக்கு மட்டும் பதில் இல்லை.

முள்ளுக்கத்தரி:
ஈரம் ஈரம் என்று எத்தனை முறை எழுதுவீர்கள் ஐயா? உங்களுக்கு இரண்டு சொட்டுதான் வருகிறது, ரத்தமாக வருகிறது என்றால் வீட்டில் விளக்கெண்ணெய் குடித்துவிட்டு உட்கார்ந்திருப்பீர்களா? ஆட்டோ பிடித்து ஓடியிருக்க மாட்டீர்களா? இத்தனை பெரிய ஆஸ்பத்திரி ஊர் இது. 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மா தொடங்கிய சி.எம்.சி. ஆஸ்பத்திரி இன்றைக்கு வங்காளத்திலிருந்தெல்லாம் ரயிலேறி வருகிற அளவுக்கு நிற்கிறது. அந்த ஊரில் இருந்துகொண்டு ஒரு வாயில்லாச் சீவனுக்கு மட்டும் எண்ணெய் போதும் என்கிறீர்களே, மனசு எப்படி வருகிறது?

போன வருஷம் வேலப்பாடி நாய்க்குட்டி விஷயத்திலும் இதே கதைதான். "தானாகச் சரியாகும்" என்றீர்கள். குட்டி போய்விட்டது. நான் மறக்கவில்லை.

கஸ்பா_பெரியவர்:
அந்த நாய்க்குட்டி வண்டியில் அடிபட்டது. அதற்கு நான் எப்படிப் பொறுப்பு? பழசைக் கிளறுவது உங்களுக்கு வழக்கம். அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீர்கள். இங்கே கேள்வி மணலைப் பற்றியது.

மக்கன்பேடா (ஆர்க்காடு):
சட்டப்படி ஒரு விஷயம் சொல்கிறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-லேயே வந்துவிட்டது. 11-ஆவது பிரிவில், வளர்க்கிறவர் போதுமான தீனி, தண்ணீர், இருப்பிடம் கொடுக்காவிட்டால் குற்றம் என்றே இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 51-ஏ பிரிவு, உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்கிறது. ஆகவே "உங்களுக்கென்ன" என்ற கேள்விக்கே இடமில்லை. ஸ்டேஷனில் ஒரு புகார் எழுதிக் கொடுங்கள் அக்கா.

தோட்டப்பாளையத்தான்:
புகாரா? அந்தச் சட்டத்தில் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்தான். ஐம்பது ரூபாய்க்கு ஒரு வயதான அம்மாவை ஸ்டேஷனுக்கு இழுப்பீர்களா?

கஸ்பா_பெரியவர்:
அதைக் கேளுங்கள்! மக்கன்பேடா பாய் எங்கள் ஊர்த் தெருவில் பஞ்சாயத்துப் பண்ண வந்துவிட்டார். 2019-லேயே உங்களுக்கு ராணிப்பேட்டை என்று தனி மாவட்டம் கொடுத்தாகிவிட்டது. உங்கள் ஊர்ப் பூனையைப் பாருங்கள்.

மக்கன்பேடா (ஆர்க்காடு):
ஐயா, உங்கள் மாவட்டத்துக்கு முன்பு பேரே எங்கள் ஊர்ப் பேர்தான். 1989-இல் திருவண்ணாமலைப் பக்கத்தைப் பிரிக்கிற வரைக்கும் எல்லாம் வட ஆர்க்காடு. அதில் வேலூர் ஒரு ஊர். இப்போது பெரிய மாநகராட்சி ஆகிவிட்டதால் பேசுகிறீர்கள்.

கஸ்பா_பெரியவர்:
பேர் உங்களுடையது, கலெக்டர் ஆபீஸ் எங்கே இருந்தது? கோட்டை எங்கே இருக்கிறது? 1806 சிப்பாய்க் கலகம் எங்கே நடந்தது? ஆர்க்காட்டிலா?

மக்கன்பேடா (ஆர்க்காடு):
கலெக்டர் ஆபீஸுக்கும் பூனை மூத்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? மாவட்டத்தை இழுத்தது நீங்கள்.

மாடிவீடு (சத்துவாச்சாரி):
தயவுசெய்து நிறுத்துங்கள். இப்போதுதான் கீழே போய்விட்டு வந்தேன். சண்டையெல்லாம் பார்க்காமல் கேட்டைத் தட்டினேன். அந்த அம்மா கதவைப் பாதி திறந்து, "நேத்து ராத்திரியே எண்ணெய் குடுத்துட்டேன், இன்னிக்கு சரியாயிடும், நீ உன் வேலையப் பாரு" என்று சாத்திவிட்டார்கள். பின்னால் திண்ணையோரம் செவலை ஒருக்களித்துக் கிடந்தது. கூப்பிட்டால் தலை தூக்கவில்லை. கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைத் தோல் பாதிக் கண் வரைக்கும் ஏறி நிற்கிறது. பக்கத்தில் உலர்தீனி அப்படியே இருக்கிறது, எறும்பு மொய்க்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தைக் காணவில்லை.

கம்பவுண்டர்_காட்பாடி:
அந்த வெள்ளைத்தோல் ஏறி நிற்பதே உடம்பு ரொம்ப மோசம் என்பதற்கு அடையாளம். உலர்தீனி மட்டும் போட்டு, இந்த ஊர் வெயிலில் தண்ணீர் சரியாக வைக்காவிட்டால் மூத்திரம் கெட்டிப்பட்டுப் படிகம் சேரும். முதலில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போன் போட்டு, "கடுவன் பூனை, மூத்திர அடைப்பு, குழாய் போட வசதி இருக்கிறதா" என்று நேராகக் கேளுங்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கும் அடித்துப் பாருங்கள், அந்த வண்டி பெரும்பாலும் மாடு ஆட்டுக்குத்தான், ஆனால் எங்கே போகலாம் என்றாவது சொல்வார்கள். இங்கே முடியாது என்றால் சென்னை வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரி. காட்பாடியில் ரயிலேறினால் இரண்டு மணி நேரம்.

தூக்கும்போது கெட்டித் துண்டால் கழுத்து வரைக்கும் சுற்றுங்கள். வலியில் இருக்கிற பூனை வளர்த்தவரையே கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போய்விடுங்கள்.

தோட்டப்பாளையத்தான்:
தூக்குவதா? திண்ணை அவங்க இடம். உள்ளே கால் வைத்தால் அத்துமீறல், பூனையை எடுத்தால் திருட்டு. செத்தால் "இவள் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றுவிட்டாள்" என்பார்கள். ஏற்கெனவே வண்டித் தகராறு வேறு. யோசித்துச் செய்யுங்க.

முள்ளுக்கத்தரி:
அவர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியாது. அந்த அம்மாவுக்குப் பிள்ளை, மருமகள் யாராவது இருப்பார்களே, அவர்களுக்குப் போன் போடுங்கள். "செலவு நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்களும் ஆட்டோவில் கூட வாங்க" என்று சொல்லிப் பாருங்கள். பாதிப் பேர் பணத்துக்குப் பயந்துதான் கதவைச் சாத்துகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம்.

கஸ்பா_பெரியவர்:
வெட்கமும் இல்லை ஒன்றும் இல்லை. அந்த அம்மா பூனை வளர்த்தவர். எண்ணெய் கொடுத்திருக்கிறார். அதாவது நான் சொன்னதையே அவரும் செய்திருக்கிறார். வளர்த்தவர்கள் இரண்டு பேர் ஒன்றைச் சொல்கிறோம், வளர்க்காதவர்கள் நாலு பேர் வேறொன்றைச் சொல்கிறீர்கள். எண்ணெய் வேலை செய்ய ஒரு நாளாகும். சோர்ந்து கிடப்பது அதனால்தான். மறுபடியும் கேட்கிறேன், மாடிவீடு அம்மா, இன்றைக்கு மணலில் ஈரம் இருந்ததா?

மாடிவீடு (சத்துவாச்சாரி):
இல்லை ஐயா. இன்றைக்கு அது மணலுக்கே வரவில்லை. வர முடியவில்லை.

கஸ்பா_பெரியவர்:
மணலுக்கு வரவில்லை என்றால் வேறெங்காவது போயிருக்கும். பின்பக்கம் தோட்டம் இருக்கிறதா, அங்கே பார்த்தீர்களா? பார்க்காமல் "இல்லை" என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கம்பவுண்டர்_காட்பாடி:
ஐயா, போதும்! ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் தோட்டத்தில் ஈரம் தேடச் சொல்கிறீர்கள்.

கஸ்பா_பெரியவர்:
என்னை யாரும் "போதும்" என்று அடக்க வேண்டாம். நீங்கள் கம்பவுண்டர், டாக்டர் இல்லை.

மக்கன்பேடா (ஆர்க்காடு):
கம்பவுண்டருக்குத் தெரிந்ததில் பாதி தெரிந்தாலும் இப்படிப் பேச மாட்டீர்கள்.

மாடிவீடு (சத்துவாச்சாரி):
அந்த அம்மாவின் மருமகள் நம்பர் கீழ்வீட்டில் கிடைத்தது. பேசினேன். "அத்தைகிட்ட நான் சொல்றேன் அக்கா, நீங்க ஆட்டோ கூப்பிடுங்க" என்றாள். அத்தை ஒத்துக்கொண்டார்களா என்று இன்னும் தெரியவில்லை. ஆட்டோ வந்துவிட்டது. மூடிபோட்ட காய்கறிக் கூடையும் துண்டும் கையில் இருக்கிறது. கேட்டுக்கு வெளியே நிற்கிறேன். திறக்கிற வரைக்கும் நகர மாட்டேன்.

முள்ளுக்கத்தரி:
நகராதீர்கள் அக்கா. பணம் குறைந்தால் இங்கே சொல்லுங்கள், நான் அனுப்புகிறேன்.

தோட்டப்பாளையத்தான்:
நான் சொன்னதைச் சொல்லிவிட்டேன். பின்னால் வழக்கு கிழக்கு என்று வந்தால் என்னைக் கேட்காதீர்கள்.

கஸ்பா_பெரியவர்:
டாக்டர் மலச்சிக்கல் என்று சொன்னால் அதையும் மறைக்காமல் இங்கே எழுத வேண்டும். முள்ளுக்கத்தரி அம்மா நாய்க்குட்டி விஷயத்தில் என்மேல் போட்ட பழியையும் திரும்ப வாங்க வேண்டும். அதுவரை நான் இங்கேதான் இருப்பேன்.

முள்ளுக்கத்தரி:
இருங்கள். நாய்க்குட்டி விஷயத்தில் ஒரு எழுத்தைக்கூடத் திரும்ப வாங்க மாட்டேன்.