கலைச்சொல்: கேடயச் சுவரா, கிடுகரணா, வேலியா? (வெள்ளிக்குள் வேண்டும்)

ச. | திங்கள் இரவு

அன்புடையீர், வணக்கம்.

'வைக்கிங்ஸ்' தொடரின் முதல் பருவத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதி வருகிறோம். மொத்தம் 9 பகுதிகள். லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைச் சூறையாடும் இரண்டாம் பகுதிவரை முடிந்துவிட்டது. மூன்றும் நான்கும் ஒரே சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. இங்கிலாந்தின் நார்தம்பிரியக் கடற்கரையில் கதைத்தலைவன் ராக்னரின் ஆட்கள் வட்டக் கேடயங்களை ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் மேல் படியும்படி பிடித்து, ஒரே உடம்புபோல நிற்பார்களே, ஆங்கிலத்தில் 'ஷீல்டு வால்' என்பது, அதற்குத்தான் சொல் தேவை.

வரைவில் 'கேடயச் சுவர்' என்று போட்டிருக்கிறோம். பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஆனால் தொடரில் அதைக் கட்டளையாகத்தான் கத்துகிறார்கள். வரி திரையில் நிற்பது ஒரு நொடி. அமை, தாங்கு, திற, உடை என்று நான்கு வினைகளும் அதோடு ஒட்ட வேண்டும். 'கேடயச் சுவர் எழுப்புங்கள்' என்று எழுதினால் பார்ப்பவர் படித்து முடிக்கும்முன் முதல் கோடரி விழுந்துவிடுகிறது. வெள்ளி இரவுக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். கைகொடுங்கள்.

ச.


இ. | செவ்வாய் காலை

அன்பின் ச.,

கேடயம் என்பது வடமொழிக் கேடகம். கிடுகு, தோல், பரிசை என மூன்று சொற்கள் நம் கையில் இருக்கும்போது கடன் வாங்க என்ன தேவை? நீங்கள் தேடும் காட்சியே பட்டினப்பாலையில் இருக்கிறது:

கிடுகு நிரைத்து எஃகூன்றி
நடுகல்லின் அரண்போல

பரதவரின் தாழ்ந்த கூரைகள்மேல் தூண்டிற்கோல்கள் சார்த்தியிருக்கும் தோற்றத்துக்கு இது உவமை. கிடுகுகளை வரிசையாக நிறுத்தி, வேல்களை ஊன்றி, நடுகல்லைச் சுற்றி எடுத்த அரண். கிடுகு, நிரை, வேல், அரண் நான்கும் ஒன்றரை அடிக்குள் வந்துவிடுகின்றன. கிடுகு + அரண் = கிடுகரண். உயிர் வரக் குற்றியலுகரம் கெட்டது, அவ்வளவே. ஐந்து எழுத்து. 'கேடயச் சுவர்' ஏழு.

இ.


வா. | செவ்வாய் மதியம்

புலவர் ஐயாவுக்கு வணக்கம். பட்டினப்பாலை வரி அருமை. ஆனால் கிடுகு என்ற சொல் எங்கட பக்கம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, வேறு பொருளில். யாழ்ப்பாணத்தில் கிடுகு என்றால் பின்னின தென்னோலை. ஓலையை நடுவால் இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பின்னி எடுப்பது. அதைக் கதியால்களில் (வேலிக்கு நடும் கம்புகளில்) கட்டி அடைத்தால் கிடுகுவேலி. தமிழ்நாட்டில் கீற்று என்பீர்கள்.

ஆகவே ராக்னர் 'கிடுகு' என்று கத்தினால் எங்கட ஆட்களுக்குக் கண்ணில் வருவது கோடிப்பக்கத்து வேலி. சொல்லின் மேல் குறை சொல்லவில்லை. கிடுகை அடைக்கும்போதும் ஒன்றின் ஓரம் மற்றதன்மேல் படியத்தான் கட்டுவோம், இடைவெளி விட்டால் ஆடு புகுந்துவிடும். படம் அப்படியே பொருந்துகிறது. பார்ப்பவருக்குப் பொருள் மாறிப்போகிறது, அதுதான் பயம்.

வா.


கு. | செவ்வாய் இரவு

மூலச்சொற்களையும் பார்த்துவிடுவோம். 'சுவர்' என்பது ஆங்கிலத்தாரின் சொல். வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியில் அது 'ஷால்ட்போர்க்': முதற்பாதி கேடயம், 'போர்க்' என்றால் கோட்டை. அந்த வகையில் புலவர் ஐயாவின் 'அரண்' மூலத்துக்கு மிக நெருக்கம். பழைய ஆங்கிலத்திலோ ஒன்றுக்கு மேற்பட்ட சொற்கள் உண்டு. 937இல் நடந்த புருனன்பர் போரைப் பாடும் பாட்டில் 'போர்டுவால்' வருகிறது, பலகைச் சுவர். (அங்கே வெல்லும் அரசன் பெயரும் ஏதல்ஸ்டன்தான். நம் தொடரின் துறவியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) 991இல் நடந்த மால்டன் போர்ப் பாட்டில் தலைவன் பிர்ட்னோத் பலகைகளைக் கொண்டு 'வீஹாகா' அமைக்கச் சொல்கிறான். 'ஹாகா' என்றால் வேலி. போர்வேலி! வா. அக்கா பயந்த படம் ஆங்கிலேயருக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பிடித்திருக்கிறது.

இதில் தொடருக்கே உரிய ஒரு நுட்பமும் இருக்கிறது. முதல் பருவத்தில் வைக்கிங்குகளின் காதால் கேட்கும்போது சாக்சன்கள் பழைய ஆங்கிலத்தில்தான் பேசுகிறார்கள். ஏதல்ஸ்டன் ஒருவனுக்குத்தான் இரண்டு பக்கமும் புரிகிறது. அவன் தனிமைக்கும், பிறகு ராக்னருக்கும் சாக்சன் அரசன் எக்பர்ட்டுக்கும் நடுவில் அவன் கிழிபடுவதற்கும் வேர் அந்த இருமொழிதான். ஆகவே நார்ஸ் பேசுகிறவர் வாயில் 'அரண்', சாக்சன் வாயில் 'சுவர்' என்று இரண்டாகப் பிரித்தே எழுதலாம்.

கு.


தே. | புதன் காலை

கு., நுட்பம் அழகுதான். ஆனால் பார்ப்பவர் இரண்டு சொல்லையும் இரண்டு போர்முறைகள் என்றே நினைத்துக்கொள்வார். சப்டைட்டிலில் ஒரு பொருளுக்கு ஒரு சொல், அதை விட்டுக்கொடுக்க முடியாது.

வாதத்தை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம். 'கேடயச் சுவரை உடையுங்கள்' நன்றாக நிற்கிறது. 'கேடயச் சுவரைத் திற' விழுந்துவிடுகிறது. கதவைத் திறக்கலாம், சுவரை யாரும் திறப்பதில்லை. 'கிடுகரணைத் தகர்' கம்பீரம். 'கிடுகரண் தாங்கு' என்றால் நாம் அரணைத் தாங்குவதா, அரண் நம்மைத் தாங்குவதா? 'பலகைச் சுவர்' வேண்டவே வேண்டாம். பலகைக்குக் கேடயம் என்ற பொருள் அகராதியில் இருந்தாலும், இன்று அது அலுவலகத்தில் அறை பிரிக்கும் தடுப்பு. 'தோல்' என்று எழுதினால் பள்ளிப் பிள்ளை உடம்புத் தோலைத்தான் நினைக்கும். கேடயம் என்ற சொல்லைப் பொறுத்தவரை, விளையாட்டு விழாவில் சுழற்கேடயம் வாங்கிய பிள்ளைக்கு அது தமிழ்தான்.

தே.


இ. | புதன் மாலை

அம்மா, பிள்ளைக்குத் தெரிந்த சொல் மட்டும்தான் வேண்டும் என்றால் கலைச்சொல் ஆக்கமே தேவையில்லை. 'தோலின் பெருக்கம்' என்று உழிஞைத் துறையே வகுத்திருக்கிறார் தொல்காப்பியர். மதிலை முற்றும் படை கிடுகும் கேடகமுமாகத் திரளும் நிலை அது. தொடரில் பாரிஸ் முற்றுகை வரும்போது அதைத் தவிர வேறு எதைச் சொல்வீர்கள்?

மேலும் கேடகம் என்பதே கிடுகிலிருந்து வடக்கே போன சொல் என்று கருதுகிறேன். கிடு, கிடுகு, கிடகு, கேடகு, கேடகம். முடைதல், பின்னுதல் என்பதே வேர்ப்பொருள். யாழ்ப்பாணத்து ஓலையும் சங்கத்துக் கேடயமும் ஒரே சொல்லாக இருப்பது தற்செயல் அன்று. இரண்டும் பின்னிச் செய்த தட்டி. தேரைச் சுற்றி அடைத்த சட்டத்துக்கும் அதே பெயர்.

முன்வரிசை என்பதுதான் முதன்மை என்றால் 'தார்' இருக்கிறது. 'தார்தாங்கிச் செல்வது தானை' (குறள் 767). ஒரே அசை. கத்துவதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தும்பை என்னும் போர்த் திணையில், உடைந்து ஓடும் படைக்குள் புகுந்து பின்னணியைத் தனியே தாங்கி நிற்பவனை 'கூழை தாங்கிய எருமை' என்கிறது தொல்காப்பியம். 1066இல் ஸ்டாம்ஃபோர்டு பாலத்தில் ஒற்றைக் கோடரியோடு ஆங்கிலப் படையை மறித்து நின்ற அந்தப் பெயர் தெரியாத நார்வேக்காரனுக்கு வேறு கலைச்சொல் தேட வேண்டாம்.

இ.


கு. | புதன் இரவு

ஐயா, எருமைமறத்தை அப்படியே ஏற்கிறேன். அந்த வீரனுக்கு அதைவிட நல்ல பெயர் கிடையாது.

கேடகத்தின் வேரை ஏற்க முடியவில்லை. கிடகு, கேடகு என்ற இடைப்படிகளுக்கு எழுத்துச் சான்று வேண்டும். ஒலி ஒத்துப்போவது மட்டும் வேரைக் காட்டாது. 'தார்' இன்று சாலையில் ஊற்றுவது. வைக்கிங் கப்பலுக்கும் தார் பூசினார்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

பொருளையும் பார்க்க வேண்டும். 1880இல் நார்வேயில் கோக்ஸ்டாட் கப்பலைத் தோண்டி எடுத்தபோது பக்கத்துக்கு 32 என 64 கேடயங்கள் இருந்தன. மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி. குறுக்களவு ஏறக்குறைய 94 செ.மீ. பைன் மரப் பலகைகளைச் சேர்த்து வட்டமாக வெட்டியவை, விரல் தடிமன்கூட இல்லை. நடுவில் துளை, துளைக்கு மேல் இரும்புக் குமிழ், குமிழுக்குப் பின்னால் ஒரு கைப்பிடி. கேடயத்தின் எடை முழுவதும் ஒரே கையில், ஒரே பிடியில். இது பின்னியதும் அல்ல, தோலால் ஆனதும் அல்ல.

அந்த ஒற்றைப் பிடிதான் போர்முறையையே தீர்மானிக்கிறது. நடுவில் மட்டும் பிடித்த வட்டப்பலகையின் ஓரத்தில் ஒரு அடி விழுந்தால் அது கதவுபோலத் திரும்பிக்கொள்ளும். பக்கத்து ஆளின் கேடயம் அதன்மேல் படிந்திருந்தால் திரும்பாது. ஆனால் படிவு கூடினால் வரிசை குறுகும், எதிரி பக்கவாட்டில் சுற்றிவருவான். படிவு குறைந்தால் இடைவெளியில் ஈட்டி நுழையும். ஒருவன் விழுந்தால் பின்வரிசைக்காரன் உடனே அந்த இடத்தை நிரப்ப வேண்டும். பலத்தால் நிற்பதல்ல இது, வரிசையால் நிற்பது. உடைப்பதற்கும் வரிசையைத்தான் குறிவைத்தார்கள்: 'ஸ்வீன்ஃபில்கிங்', பன்றி மூஞ்சிபோலக் கூராக முன்னேறும் அணி. மனு சொல்லும் வராக வியூகத்துக்குப் பெயர்ப் பொருத்தம்.

கு.


ச. | வியாழன் காலை

கு. எழுதியதைப் படித்ததும் தோன்றியது. வரிசையால் நிற்பது என்றால் சொல் நம் கையிலேயே இருக்கிறதே. ஐயா முதல் மடலில் காட்டிய பாட்டில் இருப்பது 'நிரைத்து'. நிரை என்பது பெயரும் ஆகும், ஏவலும் ஆகும். 'நிரை!' என்றால் வரிசையாக நிறுத்து. 'நிரை குலையாதே!' 'நிரை திற!' 'நிரையை உடை!' நான்கு வினையும் ஒட்டுகிறது. தெளிவு வேண்டிய இடத்தில் 'கேடய நிரை'. என்ன சொல்கிறீர்கள்?

ச.


இ. | வியாழன் முற்பகல்

நிரை நன்று. ஆனால் பலரை ஏவுவதால் 'நிரைமின்' என்பதே சரி. தவிர, நிரை என்றதும் ஆநிரை முன்னே வரும். வெட்சியார் கவர்வதும் கரந்தையார் மீட்பதும் நிரை. 'நிரையை உடை' என்றால் மாட்டு மந்தையைக் கலை என்று ஆகாதா?

இ.


கு. | வியாழன் முற்பகல்

ஆனாலும் பாதகமில்லை, ஐயா. கரையிறங்கி மாடுகளை ஓட்டிவந்து வெட்டி உணவாக்கும் சிறு சூறைக்கு நார்ஸில் 'ஸ்ட்ராண்ட்ஹோக்' என்று தனிப்பெயரே உண்டு. வெட்சித்திணைக்கு அவர்கள் ஒன்றும் அந்நியர் அல்லர்.

கு.


தே. | வியாழன் மதியம்

'மின்' விகுதி வேண்டாம் ஐயா, மின்சாரம் என்று படிப்பார்கள். தலைவன் போர்க்களத்தில் ஒருமையில் ஏவுவது பேச்சு வழக்குக்கும் ஒத்தது.

எந்தச் சொல் வந்தாலும் ராக்னரின் மனைவி லாகர்தாவுக்கும் சேர்த்தே முடிவு செய்யுங்கள். நான்காம் பகுதியில் அவளும் அந்த வரிசையில் நிற்கிறாள். 'ஷீல்டு மெய்டன்' என்பதை வரைவில் 'கேடயக் கன்னி' என்று எழுதியிருப்பது அப்பட்டமான தவறு. நார்ஸ் சொல்லின் பின்பாதி மணமாகாத பெண்ணைக் குறிக்கலாம். ஆனால் இவள் பியோர்னையும் கிடாவையும் பெற்றவள். ராக்னரின் பிள்ளையை வயிற்றில் சுமந்து அஸ்லாக் வந்து இறங்கியதும் கணவனை விட்டு மகனோடு வெளியேறுகிறவள். பிறகு ஹெடபியின் ஆட்சித் தலைவி. மணநாளன்றே மணமகன் கால்ஃபைக் குத்திக் கொல்கிறவள். கடைசியில் அஸ்லாக்கை அம்பெய்து வீழ்த்திக் தன் பழைய ஊரான கட்டெகாட்டை மீட்கிறவள். டேனிய வரலாற்றாசிரியர் சாக்ஸோ கிராமட்டிக்கஸ் 1200ஐ ஒட்டி எழுதிய வரலாற்றிலேயே இவள் கூந்தல் தோளில் அவிழ்ந்து விழ முன்வரிசையில் பொருதுகிறாள். 'கன்னி' என்ற சொல் இந்த வாழ்க்கை முழுவதையும் அழித்துவிடும்.

தே.


இ. | வியாழன் மாலை

மூதின்மகள் (மறக்குடிப் பெண்)? புறம் 279, 'மூதின் மகளிர் ஆதல் தகுமே'.

இ.


தே. | வியாழன் மாலை

அந்தத் தாய் ஒரே மகனைத் தலைவாரி, வேல்கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். லாகர்தா யாரையும் அனுப்புவதில்லை, தானே போகிறாள். 'கேடய மறத்தி' என்று வைக்கிறேன்.

தே.


ச. | வெள்ளி காலை

கருத்துச் சொன்ன பதினொருவரில் 'கேடயச் சுவர்' என்றவர் ஆறு பேர், 'கேடய நிரை' மூவர், கிடுகரண் ஒருவர், வேலி ஒருவர். நேரம் இல்லாததால் இப்படி அனுப்புகிறோம்: விளக்கிப் பேசும் வசனத்தில் 'கேடயச் சுவர்'. களத்தில் ஏவும்போது 'கேடயம் நிரை!', 'நிரை குலையாதே!', 'நிரை திற!'. லாகர்தா 'கேடய மறத்தி'. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்ற தே. அக்காவின் விதி இதில் மீறப்படுகிறது, தெரிந்தேதான்.

ச.


இ. | வெள்ளி முற்பகல்

பட்டினப்பாலையில் நிரைத்தது கிடுகை. வினையை எடுத்துக்கொண்டு பெயரைக் கைவிட்டிருக்கிறீர்கள். கிடுகரண் என்ற என் பரிந்துரையைத் திரும்பப் பெறவில்லை. பாரிஸ் முற்றுகைப் பகுதிகளுக்கு வரும்போது மீண்டும் எழுதுவேன்.

இ.


வா. | வெள்ளி மதியம்

என்ர கணக்கில் இன்னும் வேலிதான், கிடுகு இல்லாமல். பிர்ட்னோத் சொன்னதும் அதுதான். 'வேலி அடை!' என்று கத்திப் பாருங்கோ, நிரையை விடத் தொண்டைக்குச் சுகம்.

வா.