லிங்க்டு லிஸ்ட்: வாய்ட் பாயின்டருக்குள் இன்ட்டைத் திணிக்கலாமா?

கணுக்காவலன்:
சி மொழி லிங்க்டு லிஸ்ட்டின் ஒவ்வொரு நோட்டிலும் இரண்டு பாயின்டர்: டேட்டாவின் முகவரிக்கு ஒன்று (எந்த வகைக்கும் பொருந்தும் வாய்ட் பாயின்டர்), அடுத்த நோட்டின் முகவரிக்கு ஒன்று. “இன்ட் (முழு எண்) வைக்க மாலாக் (நினைவகம் கேட்டு வாங்குவது) எதற்கு? வாய்ட் பாயின்டராக காஸ்ட் (வகை மாற்றம்) பண்ணி நோட்டில் அப்படியே போடு” என்று புதியவர் ஒருவருக்கு இங்கே நேற்று பாடம் நடந்திருக்கிறது. தப்பான பாடம். வாய்ட் பாயின்டர் முகவரி வைக்கிற இடம். சி99 தரநிலை உத்தரவாதம் தருவது பாயின்டர், இன்ட்பிடிஆர்_டி (பாயின்டர் கொள்ளும் முழு எண் வகை) ஆகி, மறுபடி பாயின்டர் ஆவதற்குத்தான். எண்ணில் கிளம்பி எண்ணுக்கே திரும்புவதற்கு இல்லை.

பைட்கணக்கு:
பாடம் நடத்தியது நான்தான். பெயரைச் சொல்லியே கேட்டிருக்கலாம். 64 பிட் லினக்ஸில் நோட் 16 பைட், இன்ட் 4 பைட். ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) மாலாக் எவ்வளவு சின்னதைக் கேட்டாலும் 32 பைட் எடுக்கும். நோட்டுக்கு 32, இன்ட்டுக்கு 32. ஆக 4 பைட்டுக்கு 64 பைட்! காஸ்ட் பண்ணினால் பாதி மிச்சம். ஜீலிப் நூலகத்தில் இதற்கென்றே மேக்ரோ (கம்பைலுக்கு முன் கோடாக விரியும் சுருக்கப்பெயர்) இருக்கிறது, போய்ப் பாருங்கள்.

கணுக்காவலன்:
மேக்ரோ இருந்தால் தரநிலை ஆகிவிடுமா? லிஸ்ட்டை அழிக்கும்போது ஒவ்வொரு டேட்டாவுக்கும் ஃப்ரீ (மாலாக் தந்ததைத் திருப்பிக் கொடுப்பது) கூப்பிட்டால் 42 என்ற ‘முகவரி’ ஃப்ரீக்குப் போகும், புரோகிராம் அங்கேயே விழும். எண் 0 என்றால் இன்னும் மோசம். தேடும் ஃபங்ஷன் நல் (0 ஆன வெற்றுப் பாயின்டர்) திருப்பினால் அது ‘கிடைக்கவில்லை’யா, 0 கிடைத்ததா?

மூன்றாம்கணு:
புதியவர்கள் மாட்டுவது வேறு இடத்தில். லூப்புக்கு வெளியே அறிவித்த ஐ என்ற எண்ணியின் முகவரியை அனுப்புகிறார்கள். 0 முதல் 4 வரை ஐந்து நோட்டிலும் ஒரே முகவரி. லூப் முடிந்து அச்சிட்டால் ஐந்து தடவையும் 5. வெறும் இன்ட் லிஸ்ட் என்றால் நோட்டின் ஸ்ட்ரக்டிலேயே இன்ட் வையுங்கள். பேடிங்கோடு (இடைநிரப்பு பைட்கள்) அதே 16 பைட்தான், காஸ்ட்டே வேண்டாம்.

பைட்கணக்கு:
அப்புறம் டபுளுக்கு ஒரு லிஸ்ட், ஸ்ட்ரிங்குக்கு ஒரு லிஸ்ட் எழுதிக்கொண்டே இருங்கள். அழிக்கும் ஃபங்ஷன் பாயின்டரை லிஸ்ட்டே வைத்துக்கொள்ளட்டும்; இன்ட் லிஸ்ட்டுக்கு அதில் நல். ஃப்ரீ பிரச்சினை தீர்ந்தது. 64 பைட்டுக்குத்தான் இன்னும் பதில் வரவில்லை.

கணுக்காவலன்:
மாலாக் திருப்புவதையே காஸ்ட் பண்ணுகிறவரிடம் என்ன பேச? உங்கள் பழைய கோடு இங்கேதான் கிடக்கிறது. எஸ்டிடிலிப்.எச் (மாலாக்கை அறிவிக்கும் ஹெடர் கோப்பு) சேர்க்க மறந்தால், பழைய கம்பைலரில் அந்த காஸ்ட் எச்சரிக்கையை அமுக்கிவிடும், முகவரியில் மேல் பாதி வெட்டுப்படும்.

பைட்கணக்கு:
அது சி++லும் கம்பைல் ஆகவேண்டிய கோடு. அங்கே வாய்ட் பாயின்டர் தானாக மாறாது. போன மாதமும் இதையே சொன்னேன், படிக்கவில்லை. பேச்சை மாற்றாதீர்கள். 64 பைட்.

கணுக்காவலன்:
எண், பாயின்டர், மறுபடி எண். தரநிலையில் எந்த வரி? அதைக் காட்டுங்கள்.

பைட்கணக்கு:
ஜிசிசி கம்பைலர் எப்படி மாற்றும் என்று அதன் கையேட்டிலேயே இருக்கிறது. ஒரே அளவு என்றால் பிட்கள் மாறாது. என் கணக்கில் எந்த எண் தப்பு? 64 பைட்.