வேலூர் வெயில் பார்த்தவனுக்கு அலிகாந்தே ஜூலை எப்படி இருக்கும்?

ஆம்பூர்த் தம்பி:
ஷூ கம்பெனியில் பேட்டர்ன் பிரிவில் இருக்கிறேன். ஜூலை முழுக்க ஸ்பெயினில் எல்ச்சே ஊரில் பயிற்சி. தங்குவது பக்கத்தில் அலிகாந்தே கடற்கரையில். போனில் பகல் 31, ராத்திரி 22 என்று காட்டுகிறது. கத்திரியில் 42 பார்த்த உடம்புக்கு இதெல்லாம் வெயிலா என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். அம்மா ஸ்வெட்டர் எடுத்துவைக்கச் சொல்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சத்துவாச்சாரி:
தம்பி, ஸ்வெட்டர் பீரோவிலேயே இருக்கட்டும். நானும் தோல் வேலையாக அதே அலிகாந்தேயில் ஒரு ஜூலை இருந்தவன். 31 என்றதும் நானும்தான் சிரித்தேன். முதல் ராத்திரியே அடங்கிவிட்டது. படுத்து அண்ணாந்து பார்க்கிறேன், மேலே ஃபேன் இல்லை. மாட்டக் கொக்கிகூட இல்லை. நம்மூர் மே மாத ராத்திரி அதைவிடச் சூடு, ஆனாலும் தூங்குகிறோமே, அந்த ஃபேன் காற்றில்தான். அங்கே 23லும் தலையணை நனைந்தது. மறுநாள் முதல் வேலையாக ஒரு டேபிள் ஃபேன் வாங்கினேன்.

டிகிரியைவிடக் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார். கிழக்கே கடல். அங்கிருந்து வருவதை லெவான்தே என்பார்கள். பால்கனியில் காயப்போட்ட லுங்கி சாயங்காலமும் ஈரமாகவே தொங்கும், மெரினாவில் நிற்கிற கசகசப்பு. மேற்கிலிருந்து வருவது பொனியென்தே. உள்நாட்டுப் பீடபூமியிலிருந்து இறங்கி வரும்போது சூடேறி, ஈரமெல்லாம் வற்றி வரும். அன்றைக்கு 38, 40 ஏறினாலும் ஆச்சரியமில்லை. அதே லுங்கி அரை மணியில் அப்பளமாகிவிடும். எனக்கு அந்த நாள்தான் சௌகரியமாக இருந்தது, வேலூர் புத்தி!

இன்னொன்று, கடிகாரத்தை நம்பாதே. கோடையில் அவர்கள் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. உச்சி வெயில் மத்தியானம் இரண்டு மணிக்கு. ஐந்து மணிக்கு வெயில் தணிந்திருக்கும் என்று நடக்கக் கிளம்பி, பாதி வழியில் ஒரு பனைமரத்து நிழலில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டவே ஒன்பது தாண்டும்.

பகலில் ஜன்னல் திறந்துவைத்தேன், காற்று வரட்டும் என்று. கீழ்வீட்டு அம்மா மேலே வந்து, மரச்சட்டத் திரையைச் சர்ரென்று இறக்கிவிட்டுப் போனார். அவர் செய்ததுதான் சரி.

குடியாத்தம் அக்கா:
மழை வருமா அண்ணே? என் மகள் ஆகஸ்டில் பிரான்ஸில் இருக்கிற நீஸ் போகிறாள், குடை கேட்கிறாள்.

சத்துவாச்சாரி:
நீஸ் நான் போனதில்லை அம்மா. அலிகாந்தேயில் அந்த மாதம் முழுக்க ஒரு தூறல்கூட இல்லை. அட்லாண்டிக் கடல் பக்கத்து உயர் காற்றழுத்த மண்டலம் கோடையில் வடக்கே ஏறி உட்கார்ந்துகொள்ளும், மேகத்தை அண்டவிடாது. நமக்கு மாதிரி சாயங்காலம் இடி இடித்துக் கோடை மழை கொட்டுவதெல்லாம் கடலோரத்தில் அபூர்வம். அங்கே கொட்டுவது செப்டம்பர், அக்டோபரில், நம் ஐப்பசி போல. 2024 அக்டோபர் 29 அன்று வலென்சியா பக்கம் வந்த வெள்ளம் ஞாபகம் இருக்குமே. மகள் குடையை வெயிலுக்கு எடுத்துப் போகட்டும்.

ஆம்பூர்த் தம்பி:
நன்றி அண்ணே. அந்த டேபிள் ஃபேனை அங்கேயே விட்டுவிட்டு வந்தீர்களா? எந்த வீடு?