ஸ்கசி டிரைவரில் அபார்ட் செய்த கட்டளை பிந்தி நிறைவடைந்தால்: வெற்றுச் சுட்டிச் சோதனை போதுமா?

வட்டடுக்கு (கேள்வி)

வணக்கம். லினக்ஸ் கர்னலின் மூல மரத்துக்குள்ளேயே பல ஆண்டுகளாக இருக்கும், ஆனால் அண்மைக் காலமாக எவரும் அதிகம் தொடாத, ஒரு ரெய்டு அட்டையின் (பல வட்டுகளை ஒன்றாக நிர்வகிக்கும் அட்டை) ஸ்கசி டிரைவரில் (வட்டுகளுக்குக் கட்டளை அனுப்பும் நிரல்) ஒரு பிழையைத் திருத்த முயன்றுகொண்டிருக்கிறேன். என் முதல் பேட்ச் (திருத்தத் துண்டு) ஏற்கப்படவில்லை. அதற்குச் சொல்லப்பட்ட காரணம் முழுமையாகப் பிடிபடாததால் இங்கே கேட்கிறேன்.

அட்டையில் இணைந்த வட்டுகளுள் ஒன்று பழுதடையத் தொடங்கி மெதுவாகப் பதிலளிக்கும்போது, 30 விநாடிக் கெடுவைத் தாண்டிய கட்டளைகளைக் கைவிடச் சொல்லி ஸ்கசி நடுஅடுக்கு (எல்லா ஸ்கசி டிரைவர்களுக்கும் பொதுவான கர்னல் பகுதி) டிரைவரின் அபார்ட் சார்பை அழைக்கிறது. அந்தச் சார்பு ஃபர்ம்வேருக்கு (அட்டைக்குள் ஓடும் நிரல்) ஓர் அபார்ட் செய்தியை எழுதிவிட்டு, கட்டளையின் டிஎம்ஏ மேப்பிங்கை (அட்டை நேரே நினைவகத்தை அணுகச் செய்யும் ஏற்பாடு) விடுவித்து, டிரைவர் தனக்காக வைத்திருக்கும் கட்டளைக் குறிப்பின் நினைவகத்தையும் விடுவித்து, உடனே 'சக்ஸஸ்' என்று திருப்பியனுப்புகிறது. சற்று நேரம் கழித்து அதே கட்டளைக்கான நிறைவுச் செய்தி வன்பொருளிடமிருந்து வந்து சேர்கிறது. இன்டரப்ட் சார்பு (வன்பொருள் அழைக்கும்போது ஓடுவது) அதிலுள்ள டேக் எண்ணைக் (கட்டளையின் அடையாள எண்) கொண்டு அட்டவணையில் தேடி, ஏற்கெனவே விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடுகிறது. கேசான் (கர்னலில் நினைவகப் பிழைகளைக் கண்டறியும் கருவி) இதைப் பிடித்து அறிக்கை தருகிறது. கேசான் இல்லாத கர்னலில் சில வேளை இயந்திரம் நிலைகுலைந்து நிற்கிறது, சில வேளை ஒன்றுமே நடப்பதில்லை.

என் திருத்தம் சிறியது. அபார்ட் சார்பு, குறிப்பை விடுவிக்கும் முன் ஸ்பின்லாக்கைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் அனுமதிக்கும் பூட்டு) பிடித்துக்கொண்டு அட்டவணையின் அந்த இடத்தை வெறுமையாக்கும். இன்டரப்ட் சார்பு அதே லாக்கின் கீழ் அந்த இடத்தைப் பார்த்து, வெறுமையாக இருந்தால் பேசாமல் திரும்பிவிடும். இரவு முழுவதும் பளு கொடுத்து ஓட்டியும் கேசான் வாய் திறக்கவில்லை. மறுஆய்வு செய்தவரோ, "இது இடைவெளியைக் குறுக்குகிறதே தவிர அடைக்கவில்லை, வன்பொருள் எந்தக் கணத்தில் பஃபரைக் கைவிடுகிறது என்பதைப் பேட்ச் விளக்கத்தில் எழுதுங்கள்" என்ற பொருளில் பதிலெழுதியிருக்கிறார். அதோடு, நான் வழியில் சரிசெய்த உள்தள்ளல், மாறிப்பெயர் மாற்றங்களைத் தனியாகப் பிரிக்கவும் சொல்லியிருக்கிறார்.

கேசான் அமைதியான பிறகும் என்ன எஞ்சியிருக்கிறது? எஞ்சியிருப்பதை எப்படிச் சோதித்துக் காட்டுவது?

பழைய_இன்டரப்ட்

உங்கள் பேட்ச் டிரைவரின் சொந்தக் குறிப்பைக் காப்பாற்றுகிறது. பஃபரை, அதாவது வட்டின் தரவு போய்வரும் நினைவகத்தை, காப்பாற்றவில்லை. மறுஆய்வாளர் கேட்பது முழுக்க முழுக்க பஃபரைப் பற்றி.

அபார்ட் சார்பு 'சக்ஸஸ்' என்று திருப்பினால் நடுஅடுக்கு அதற்கு ஒரே ஒரு பொருள்தான் கொள்கிறது: இந்தக் கட்டளையின் மீது டிரைவருக்கும் வன்பொருளுக்கும் இனி எந்தப் பிடியும் இல்லை. அந்த உறுதிமொழியை நம்பி அது கட்டளையை மறுபடி வரிசையில் போடும், அல்லது பிழையென்று முடித்து மேலே அனுப்பிவிடும். முடித்து அனுப்பினால் பஃபரின் பக்கங்கள் பேஜ் கேஷுக்கோ (கோப்புத் தரவை நினைவகத்தில் வைத்திருக்கும் இடம்), வேறொரு செயலிக்கோ, கர்னலின் வேறு ஏதோ பயனுக்கோ போய்ச் சேரும். நீங்களோ அபார்ட் செய்தியை எழுதியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்; ஃபர்ம்வேர் அதைப் படித்ததா என்றுகூட உங்களுக்குத் தெரியாது. வாசிப்புக் கட்டளையானால், தாமதமாக விழித்துக்கொண்ட வட்டின் தரவை அட்டை அந்தப் பக்கங்களின் மேல் அப்போதுதான் எழுதும். எழுத்துக் கட்டளையானால் நிலைமை இன்னும் கொடியது. அந்தப் பக்கங்களில் இப்போது இருக்கும் வேறு யாருடைய தரவோ வட்டின் பழைய முகவரியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கட்டளை மறுபடி அனுப்பப்பட்டால் வேறு வகைச் சிக்கல். நிறைவும் காலக்கெடுவும் மோதிக்கொள்ளும்போது இரண்டில் ஒன்றுதான் வெல்ல வேண்டும் என்பதற்காக நடுஅடுக்கு ஒவ்வொரு கட்டளையிலும் ஒரு பிட்டை வைத்திருக்கிறது. கெடு வென்ற பிறகு வரும் நிறைவு அழைப்பு அந்த பிட்டைப் பார்த்துத் திரும்பிவிடும் என்பது உண்மை. ஆனால் கட்டளை மீண்டும் அனுப்பப்படும்போது அந்த பிட் அழிக்கப்பட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது என்றைக்கும் நிறைவடைய முடியாது. அதோடு, திரும்ப வரிசைக்குப் போகும் கோரிக்கை தன் டேக்கை விட்டுக்கொடுக்கிறது. அதே எண் முற்றிலும் வேறான ஒரு கோரிக்கைக்குக் கிடைத்திருக்கலாம். அப்போது பழைய நிறைவுச் செய்தி வந்தால், உங்கள் அட்டவணையில் அந்த இடம் வெறுமையாக இருக்காது. அங்கே செல்லுபடியாகும் புதிய குறிப்பு ஒன்று இருக்கும். உங்கள் சோதனை அதைத் தாராளமாக உள்ளே விடும். இன்னும் வட்டிலிருந்து வராத தரவை வந்துவிட்டதாகக் கோப்பு முறைமையிடம் டிரைவர் சொல்லிவிடும். கேசான் இதில் குறைகாண ஏதுமில்லை, ஏனெனில் தொடப்பட்ட நினைவகம் அனைத்தும் உயிருடன் இருக்கிறது.

இந்த டிரைவரின் அபார்ட் சார்பு ஏன் இப்படி எழுதப்பட்டது என்பதையும் ஊகிக்க முடிகிறது. முன்பெல்லாம் பிழை மீட்பு இழையிலிருந்து மட்டுமே அபார்ட் அழைக்கப்பட்டது. நிலுவையிலுள்ள கட்டளைகள் எல்லாம் ஒன்று நிறைவடைந்து அல்லது தோற்று, ஹோஸ்ட், அதாவது அட்டை, முழுவதும் ஓய்ந்த பிறகே அந்த இழை கண்விழிக்கும். பின்னர், ஒரு வட்டுக்காக எல்லா வட்டுகளும் காத்திருக்கக் கூடாது என்பதற்காக, அபார்ட் ஒரு வொர்க்கியூவிலிருந்து (கர்னலின் பின்னணி வேலை வரிசை) தனியாக அழைக்கப்படும் முறை வந்தது. இப்போது உங்கள் சார்பு ஓடும்போது மற்றக் கட்டளைகள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருக்கின்றன, டேக்குகள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அமைதியான ஹோஸ்டை நினைத்து எழுதிய நிரல் பரபரப்பான ஹோஸ்டில் ஓடுகிறது.

ஆகவே சரியான ஒழுங்கு இது: அபார்ட் செய்தியை அனுப்புங்கள், ஃபர்ம்வேர் அதற்குப் பதில் தரும்வரை, அல்லது மூலக் கட்டளையே நிறைவடையும்வரை, ஒரு கெடுவுடன் காத்திருங்கள். இந்தச் சார்பு தூங்கக்கூடிய சூழலில்தான் அழைக்கப்படுகிறது, எனவே காத்திருப்பதில் தடையில்லை. பதில் வந்த பிறகே மேப்பிங்கை விடுவித்து 'சக்ஸஸ்' சொல்லுங்கள். பதில் வராவிட்டால் எதையும் விடுவிக்காமல் 'ஃபெயில்ட்' என்று திருப்புங்கள்.

பிட்_காவலர்

சோதனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

கேசான் பார்ப்பது கம்பைலர் அடையாளமிட்ட, சிபியு செய்யும் அணுகல்களை மட்டுமே. அட்டை டிஎம்ஏ வழியாக நேரே நினைவகத்தில் எழுதுவது அதன் கண்ணில் படாது. ஆகவே மேலே சொல்லப்பட்ட முதல் ஆபத்துக்குக் கேசானின் அமைதி சான்றாகாது. அதைக் காட்டிக்கொடுக்கக்கூடியது ஐஓஎம்எம்யு (சாதனங்களின் நினைவக முகவரிகளை மொழிபெயர்த்துக் கட்டுப்படுத்தும் வன்பொருள்). ஆனால் அதையும் கண்டிப்பான நிலையில் ஓட்ட வேண்டும். சோம்பல் நிலையில் மேப்பிங்கை நீக்கிய பிறகும் பழைய மொழிபெயர்ப்பு சிறிது நேரம் உயிருடன் இருக்கும், அந்த நேரத்துக்குள் வரும் தவறான எழுத்து சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். துவக்க வரியில் ஐஓஎம்எம்யு ஸ்ட்ரிக்ட் என்பதை 1 ஆக வைத்து உங்கள் பழைய பேட்சுடன் ஓட்டிப் பாருங்கள். அபார்ட்டுக்குப் பின் அட்டை எழுத முயலும் முகவரியோடு பிழைச் செய்தி கர்னல் பதிவில் விழுந்தால், அதையே இரண்டாம் பதிப்பின் விளக்கத்தில் சேர்த்துவிடலாம்.

டிஎம்ஏ ஏபிஐ பிழைதேடல் விருப்பத்தையும் இயக்குங்கள். பழைய டிரைவர்களில் மறுஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் காணும் ஒரு தவறு உண்டு. சிதறல் பட்டியலை (பஃபரின் சிதறிய துண்டுகளின் பட்டியல்) மேப் செய்யும் சார்பு, ஐஓஎம்எம்யு அண்டைத் துண்டுகளை ஒட்டிவிடுவதால், கொடுத்ததைவிடக் குறைந்த எண்ணிக்கையைத் திருப்பலாம். மேப்பிங்கை நீக்கும்போது முதலில் கொடுத்த எண்ணிக்கையைத்தான் தர வேண்டும், திரும்பி வந்த எண்ணிக்கையை அல்ல. டிரைவர் இதை நேரடியாகச் செய்துகொண்டிருந்தால் ஸ்கசியின் பொதுச் சார்புகளுக்கு மாற்றிவிடுவது நல்லது, ஆனால் தனிப் பேட்சில்.

காலக்கெடுவை வரவழைக்கப் பலர் கர்னலின் போலி டைம்அவுட் வசதியைச் சொல்வார்கள். அதன் எல்லையை அறிந்து பயன்படுத்துங்கள். டிரைவர் நிறைவைச் சொன்ன பிறகு, நடுஅடுக்கில்தான் அந்த நிறைவு விழுங்கப்படுகிறது. அதாவது டிரைவரைப் பொறுத்தவரை கட்டளை முடிந்துவிட்டது; பிறகு தனக்கு நினைவேயில்லாத கட்டளைக்கு அபார்ட் வருகிறது. அந்தப் பாதையும் சோதிக்க வேண்டியதே, உங்கள் பிழையின் பாதை மட்டும் அதுவல்ல. வன்பொருள் இன்னும் பஃபரைப் பிடித்திருக்கும் நிலை வேண்டுமானால், அந்த வட்டின் சிஸ்எஃப்எஸ் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) டைம்அவுட் மதிப்பை 1 விநாடிக்கு இறக்கி, சுழலும் வட்டில் ஆழமான வரிசையுடன் சீரற்ற வாசிப்பும் எழுத்தும் கொடுங்கள். ஃபியோவைச் (வட்டுக்குப் பளு கொடுக்கும் சோதனைக் கருவி) சரிபார்ப்பு விருப்பத்துடன் ஓட்டினால்தான், நிலைகுலைவே இல்லாமல் தரவு மட்டும் கெடுவது தெரியும்.

அடையாளம் தெரியும் இடமும் பிழை இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு 2018 இறுதியில் 4.19 கர்னலில் நடந்ததை நினைவுபடுத்தலாம். பயனர்கள் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமை சிதைவதாகப் புகார் செய்தார்கள், சந்தேகமும் முதலில் அதன் மேலேயே விழுந்தது. கடைசியில் பிழை பிளாக் அடுக்கில் (வட்டுக் கோரிக்கைகளைக் கையாளும் கர்னல் பகுதி) இருந்தது. ஷெட்யூலர் இல்லாத சாதனத்துக்கு நேரடியாக அனுப்பப்பட்டு, சாதனம் 'இடமில்லை' என்றதால் திரும்பிய கோரிக்கை, டிரைவர் அதற்குச் சிதறல் பட்டியலைத் தயாரித்துவிட்ட பிறகும், வேறு கோரிக்கைகளுடன் இணைக்கப்படக்கூடிய வரிசையில் போய் உட்கார்ந்தது. அந்த அடுக்கின் பராமரிப்பாளர் ஜென்ஸ் ஆக்ஸ்போ செய்த திருத்தம் டிசம்பரில் 4.19.8 பதிப்பில் சேர்ந்தது. அங்கும் சிக்கல், கோரிக்கை அந்தக் கணத்தில் யார் கையில் இருக்கிறது என்பதில்தான்.

வட்டடுக்கு

மிக்க நன்றி. ஒரு தயக்கம் இருக்கிறது. இந்த ஃபர்ம்வேர், வட்டு அறவே பதில் தராத நிலையில், அபார்ட் செய்திக்கும் பதில் தருவதில்லை. நான் 'ஃபெயில்ட்' என்று திருப்பினால் நடுஅடுக்கு மேன்மேலும் கடுமையான நடவடிக்கைக்குப் போய், இறுதியில் ஹோஸ்ட் ரீசெட் வரை செல்லும். ஒரு பழுதான வட்டுக்காக அட்டையிலுள்ள எல்லா வட்டுகளும் பல விநாடிகள் நின்றுபோகும். முன்பு இருந்த நிரல் குறைந்தபட்சம் மற்ற வட்டுகளை ஓடவிட்டது. இதைப் பின்னடைவு என்று யாராவது புகார் செய்யமாட்டார்களா?

பழைய_இன்டரப்ட்

செய்யலாம். அதற்கான பதிலைப் பேட்ச் விளக்கத்திலேயே முன்கூட்டி எழுதிவிடுங்கள்: முன்பு கிடைத்த வேகம், வன்பொருள் இன்னும் தொட்டுக்கொண்டிருக்கும் நினைவகத்தைப் பிறருக்குக் கொடுத்து வாங்கிய வேகம்.

நிற்கும் நேரத்தைக் குறைக்க வழி உண்டு. அபார்ட் தோற்றால் நடுஅடுக்கு நேரே ஹோஸ்ட் ரீசெட்டுக்குத் தாவுவதில்லை. சாதன ரீசெட், டார்கெட் ரீசெட், பஸ் ரீசெட் ஆகியவற்றை முதலில் முயல்கிறது, டிரைவர் அவற்றை எழுதியிருந்தால். உங்கள் டிரைவரில் சாதன ரீசெட் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே வட்டை மட்டும் கைவிடச் சொல்லும் கட்டளையை அந்த ஃபர்ம்வேர் ஏற்குமானால், பெரும்பாலான வேளைகளில் ஹோஸ்ட் ரீசெட் தேவைப்படாது. ஆயினும் மீட்பு இழை கண்விழிக்க ஹோஸ்ட் ஓய வேண்டும் என்ற விதி இருப்பதால், சிறு நிறுத்தம் ஒன்றைத் தவிர்க்க முடியாது.

ஹோஸ்ட் ரீசெட் சார்பையும் கையோடு படித்துவிடுங்கள். ரீசெட்டுக்குப் பின் டிஎம்ஏ உண்மையில் நின்றுவிட்டது என்பதை அது எதைக் கொண்டு உறுதி செய்கிறது? பதிவகம் ஒன்றைப் படித்து 'தயார்' பிட்டுக்காகக் காத்திருக்குமானால், பிசிஐ இணைப்பிலிருந்து அட்டையே விழுந்துவிட்டால் எல்லா பிட்டுகளும் 1 ஆகப் படிக்கப்படும் என்பதை மறக்காதீர்கள். அதில் உங்கள் 'தயார்' பிட்டும் அடங்கும். ஃபர்ம்வேர் அசையாமல் கிடந்தால், நிலுவைக் கட்டளைகளைத் திருப்பியனுப்பும் முன் பிசிஐ பஸ் மாஸ்டர் உரிமையை (அட்டை தானாக நினைவகத்தை அணுகும் உரிமை) நிறுத்திவிடுவது கடைசிக் காப்பு.

இன்டரப்ட் சார்பில் சேர்த்த வெற்றுச் சுட்டிச் சோதனையை இரண்டாம் பதிப்பில் எடுத்துவிடலாம் என்பது என் கருத்து. ஒழுங்கு சரியானால் அதற்கு வேலையில்லை, இருந்தால் அடுத்த பிழையை மறைக்கும்.

தொகுப்பாளி

கடைசிக் கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். டேக் எண் ஃபர்ம்வேர் எழுதித் தருவது, அதாவது வெளியிலிருந்து வருவது. அது அட்டவணையின் எல்லைக்குள் இருக்கிறதா, அங்கே நிலுவைக் கட்டளை உண்டா என்று பார்ப்பது டிரைவரின் கடமை. தவறு சோதனையில் இல்லை, பேசாமல் திரும்புவதில் இருக்கிறது. கட்டுப்படுத்தப்பட்ட வேகத்தில் ஓர் எச்சரிக்கை வரியைப் பதிவில் எழுதிவிட்டுத் திரும்பட்டும். ஆனால் அது தனிப் பேட்ச், தனி விளக்கம்.

பிரிக்கும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் பேட்சில் அபார்ட் காத்திருப்பு மட்டும் இருக்கட்டும். அதில்தான் பிழையை அறிமுகப்படுத்திய கமிட்டின் (பதிவான மாற்றம்) அடையாளத்தின் முதல் 12 எழுத்தடையாளங்களுடன் 'ஃபிக்ஸஸ்' வரியும், ஸ்டேபிள் கிளைகளுக்கான (வெளியான பதிப்புகளுக்குத் திருத்தங்கள் மட்டும் சேரும் கிளைகள்) வரியும் வர வேண்டும். இரண்டாவது எல்லைச் சோதனை. உள்தள்ளலும் பெயர் மாற்றமும் கடைசியில், அல்லது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். ஸ்டேபிள் கிளைக்குப் பின்னோக்கி எடுத்துச் செல்பவர் பழைய கர்னலில் பொருத்திப் பார்க்கும்போது, பெயர் மாற்றம் கலந்த திருத்தம் ஒட்டாமல் போகும். அதனால்தான் பிரிக்கச் சொல்கிறார்கள், அழகுக்காக அல்ல. ஸ்கசி பராமரிப்பாளர் மார்ட்டின் பீட்டர்சனின் மரத்தில் அவசரத் திருத்தங்களுக்கும் அடுத்த பதிப்புக்கான மாற்றங்களுக்கும் தனித்தனிக் கிளைகள் இருப்பதால், கலந்து அனுப்பினால் எந்தக் கிளையில் சேர்ப்பது என்ற கேள்வியே தாமதத்தை உண்டாக்கும்.

முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதைப் பேட்ச் விளக்கத்தின் முடிவில் வரும் மூன்று கோடுகளுக்குக் (---) கீழே எழுதுங்கள். அது கமிட் வரலாற்றில் சேராது, படிப்பவருக்கு மட்டும் உதவும். முதல் பதிப்புக்கு யாராவது மறுஆய்வு ஒப்புதல் வரி தந்திருந்தால் அதை இதற்கு எடுத்துவராதீர்கள், ஏனெனில் அவர் பார்த்த நிரல் இது அல்ல.