குறில்–நெடில் கால அளவு: குழந்தைகளையும் பெரியவர்களையும் எப்படி ஒப்பிடுவது?

கேள்வி – ஆய்வு மாணவி

வணக்கம். ஐந்து வயதுக் குழந்தைகள் குறிலையும் நெடிலையும் பெரியவர்களைப் போலவே வேறுபடுத்தி ஒலிக்கிறார்களா என்பதே என் முதுகலை ஆய்வேட்டின் பொருள். கல்–கால், பல்–பால், முடி–மூடி, குடை–கூடை ஆகிய எட்டுச் சொற்களைப் பன்னிரண்டு குழந்தைகளையும் பன்னிரண்டு பெரியவர்களையும் மும்மூன்று முறை சொல்லவைத்துப் பதிவு செய்து, முதல் உயிரின் கால அளவைப் பிராட் மென்பொருளில் அளந்தேன். குழுவுக்கு 288 அளவுகள். இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையில் இட்டபோது குழந்தைகளின் உயிர்கள் நீளம் என்று வந்தது, பி-மதிப்பு (உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் இவ்வளவு வேறுபாடு தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு) 0.001-க்கும் கீழே. மகிழ்ச்சியோடு வழிகாட்டியிடம் கொண்டுபோனேன். "உன்னிடம் இருப்பது 288 குழந்தைகளா, பன்னிரண்டு பேரா?" என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்தச் சோதனை பொருந்தும்? இதே பதிவுகளில், உயிர்களை வேறுபடுத்திக் காட்டும் ஒத்ததிர்வு அதிர்வெண்களான ஃபார்மண்டுகளையும் ஒப்பிடலாமா?

மறுமொழி – புள்ளியியல் ஆசிரியர்

வழிகாட்டி கேட்டது சரியான கேள்வி. நிதானமாகப் பேசும் குழந்தை எல்லாச் சொல்லையும் நிதானமாகத்தான் சொல்லும்; ஆகவே ஒரே குழந்தையின் 24 அளவுகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். டி-சோதனையோ அவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று எண்ணிக்கொள்வதால், பிழை உண்மையைவிடச் சிறிதாகத் தெரிந்து, பி-மதிப்பும் பொய்யாகச் சுருங்கிவிடுகிறது.

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நீங்கள் சோதித்தது உங்கள் கேள்வியையே அல்ல. சிறு குழந்தைகள் மெதுவாகப் பேசுவார்கள் என்பது தெரிந்த செய்தி. நெடில் குறிலைவிட எத்தனை மடங்கு நீள்கிறது என்பதல்லவா உங்களுக்கு வேண்டியது? ஒரு பேச்சுக்கு, பெரியவரிடம் குறில் 80, நெடில் 160 மில்லிவினாடி என்றும், குழந்தையிடம் 120, 240 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கழித்துப் பார்த்தால் பெரியவருக்கு 80, குழந்தைக்கு 120. குழந்தைதான் அதிகம் வேறுபடுத்துகிறது என்று தோன்றும். வகுத்துப் பார்த்தால் இருவருக்கும் இரண்டு மடங்கே. (ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்று நம் இலக்கணம் கணக்கிட்டதும் விகிதமாகத்தான்.) ஆகவே அளவுகளை மடக்கைக்கு மாற்றிவிடுங்கள், அங்கே கழிப்பது இங்கே வகுப்பதற்குச் சமம்.

பிறகு ஒவ்வொருவருக்கும் நெடில் சராசரியிலிருந்து குறில் சராசரியைக் கழித்தால், ஆளுக்கு ஓர் எண் கிடைக்கும். அந்தப் பன்னிரண்டையும் பன்னிரண்டையும் வெல்ச் முறையில் (இரு குழுவின் மாறுபாடும் சமம் என்று கருதாத டி-சோதனை) ஒப்பிடுங்கள். லீ, பொட்டாமியானோஸ், நாராயணன் ஆகியோர் 1999-இல் 436 சிறாரையும் 56 பெரியவர்களையும் அளந்தபோது, ஒருவர் பேச்சுக்குள்ளேயே காணும் ஏற்றத்தாழ்வு வயது ஏற ஏறக் குறைந்து, ஏறத்தாழ 12 வயதில்தான் பெரியவர் நிலைக்கு வந்தது. எனவே இரு குழுவின் மாறுபாடும் சமம் என்று கருதும் சோதனை இங்கே ஆகாது. எல்லா அளவுகளையும் பயன்படுத்த விரும்பினால், பேச்சாளரையும் சொல்லையும் சமவாய்ப்பு விளைவுகளாகக் கொண்ட கலப்பு மாதிரியை, அதாவது ஆளுக்கு ஆள், சொல்லுக்குச் சொல் உள்ள வேறுபாட்டையும் கணக்கில் கொள்ளும் மாதிரியை, ஆர் மென்பொருளில் பொருத்தலாம். அதில் குழுவுக்கும் உயிரின் நீளத்துக்கும் இடையிலான ஊடாட்டத்தை, அதாவது நெடில்–குறில் வேறுபாடு குழுவுக்குக் குழு மாறுகிறதா என்பதை, பாருங்கள். ஆனால் எட்டே சொற்களை வைத்துச் சொல்லுக்குச் சொல் உள்ள வேறுபாட்டைத் திறம்பட மதிப்பிட முடியாது.

இன்னொன்று: பி-மதிப்பு பெரிதாக வந்தால் "பெரியவர்களைப் போலவே" என்று எழுதிவிடாதீர்கள்; வேறுபாடு தென்படவில்லை என்பது வேறுபாடே இல்லை என்பதற்குச் சான்றல்ல. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி எவ்வளவு அகலம் என்பதையும் சேர்த்துக் கொடுங்கள்.

மறுமொழி – பேச்சொலி ஆய்வகத்தில் பணியாற்றுபவர்

கணக்குக்கு முன்னால் ஒன்று கேட்கிறேன். ஐந்து வயதுக் குழந்தைகள் அட்டையைப் பார்த்து வாசித்தார்களா?

ஆய்வு மாணவி

இல்லை. குழந்தைகளுக்குப் படம் காட்டிப் பெயர் கேட்டேன். பெரியவர்கள் எழுத்தட்டையை வாசித்தார்கள்.

மறுமொழி – பேச்சொலி ஆய்வகத்தில் பணியாற்றுபவர்

அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். படத்தைப் பார்க்கும் குழந்தை "கல்லு", "காலு" என்று சொல்லும். அட்டையை வாசிப்பவர் "கல்", "கால்" என்று நிறுத்துவார். ஒன்று ஈரசை, மற்றொன்று ஓரசை; போதாக்குறைக்கு, கல்லுவில் லகரம் இரட்டிக்கிறது, காலுவில் இல்லை. குடை இன்னும் மோசம்: பேச்சில் அது "கொடை", உயிரே மாறிவிடுகிறது. நீங்கள் காணும் வேறுபாடு வயதால் வந்ததா, வாசிப்பால் வந்ததா என்பதை எந்த மாதிரியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரியவர்களை அதே படங்களைக் கொண்டு மறுபடி பதிவு செய்யுங்கள். குடை–கூடை இணையை விட்டுவிடுங்கள்.

ஃபார்மண்டுகளை இந்த ஆய்வேட்டில் தொட வேண்டாம் என்பதே என் எண்ணம். குழந்தையின் குரல்வழி (குரல்வளையிலிருந்து உதடு வரையிலான பாதை) நீளம் குறைந்தது. ஃபார்மண்டுகள் இயல்பாகவே மேலே இருக்கும். அந்த வேறுபாட்டை நீக்க, ஒவ்வொருவரின் அளவுகளையும் அவரவர் சராசரியையும் சிதறலையும் கொண்டு மாற்றும் லோபனோவ் முறையில் சீராக்கலாம் என்பார்கள். ஆனால் அது உயிர்கள் அனைத்தும் கையில் இருந்தால்தான் சரிவரும். உங்களிடம் இருப்பவை அகரமும் உகரமும் அவற்றின் நெடில்களும் மட்டுமே.

ஆய்வு மாணவி

இருவருக்கும் நன்றி. குழந்தைகளின் பதிவுகளை இப்போது மறுபடி கேட்டேன். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் "பல்லு" என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். நான் கோப்பில் "பல்" என்று குறித்து வைத்திருக்கிறேன். குறிப்புகளை முதலில் திருத்திவிட்டு, சனிக்கிழமை பெரியவர்களைப் படங்களோடு அழைக்கிறேன்.